நூலகத்துக்கு ஒரு வாட்ஸ்அப் சேனல்: கிளை நூலகர்களுக்கான முதல் பாடம்

நூலக வேலைக்குச் சமூக ஊடகத்தைப் பழக வேண்டும் என்றதும் பலர் முதலில் ஒரு முகநூல் பக்கத்தைத் திறந்துவிடுகிறார்கள். இரண்டு மாதம் விழாப் படங்கள் வரும், அப்புறம் பக்கம் தூங்கிவிடும். நான் வேறு இடத்தில் தொடங்கச் சொல்வேன்: வாசகர் உங்களிடம் தினமும் கேட்கும் கேள்வியில்.

2006-இல் அமெரிக்காவின் சார்லட் நகரப் பொது நூலகத்தில் ஹெலீன் பிளவர்ஸ் சக ஊழியர்களுக்காக 23 சின்னச் சின்ன இணைய வேலைகளைக் கொண்ட ஒரு பயிற்சியை வகுத்தார். ஒன்பது வாரத்தில் அவரவர் வேகத்தில் செய்து பார்க்க வேண்டும். அதில் இருந்த தளங்கள் சில இன்று இல்லை. ஆனால் கைபட்டுப் பழகும் அந்த முறை நமக்கும் ஒத்துவரும். வாரத்துக்கு ஒன்று போதும்.

முதல் வாரம்: ஒரு நோட்டு

கவுன்டரில் ஒரு நோட்டு வையுங்கள். நேரிலும் போனிலும் வரும் கேள்விகளை ஏழு நாள் எழுதுங்கள். எங்கள் நோட்டில் மூன்றுதான் திரும்பத் திரும்ப வந்தன: "இன்னைக்கு லைப்ரரி உண்டா?", "புதுசா என்ன வந்திருக்கு?", "இந்தப் புத்தகம் கிடைக்குமா?" கேள்விக்கு ஒரு கருவி, அவ்வளவுதான் திட்டம்.

இரண்டாம் வாரம்: கூகுள் மேப்

முதலில் நூலகத்துக்கென்று தனி மின்னஞ்சல் முகவரி ஒன்று தொடங்குங்கள். மேலதிகாரியிடம் அனுமதியும் வாங்கிவிடுங்கள். நான் முதலில் என் சொந்தக் கணக்கில் ஆரம்பித்துவிட்டேன். பணியிட மாற்றம் வந்தபோது எதையும் ஒப்படைக்க முடியாமல் தவித்தது இன்னும் நினைவிருக்கிறது.

மேப்பில் உங்கள் நூலகத்தைத் தேடுங்கள். இடம் ஏற்கெனவே இருந்தால் அதை உரிமை கோரும் வசதி இருக்கும். கூகுள் சரிபார்த்தபின் திருத்தும் உரிமை உங்களுக்கு வரும். நேரத்தைக் கவனமாகப் போடுங்கள். மதியம் மூடிவிட்டு மாலையில் திறக்கும் நூலகம் என்றால் ஒரே நாளுக்கு இரண்டு நேரங்கள் சேர்க்கலாம். பல கிளை நூலகங்களுக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. வெளியூரிலிருந்து வந்தவருக்கு அது தெரியாது. பொங்கல், தீபாவளி விடுமுறைகளைச் சிறப்பு நேரம் என்ற பகுதியில் முன்கூட்டியே குறித்துவிடலாம். வெயிலில் பஸ் ஏறி வந்து பூட்டைப் பார்த்துத் திரும்பும் ஒரு பெரியவரையாவது இது காப்பாற்றும். வாசகரின் நேரத்தைச் சேமி என்று சீர்காழியில் பிறந்த நூலகவியல் அறிஞர் எஸ்.ஆர். ரங்கநாதன் 1931-இல் தன் ஐந்து நூலக விதிகளில் நான்காவதாக எழுதிவைத்தது இதற்கும் சேர்த்துத்தான் என்று நினைக்கிறேன்.

மூன்றாம் வாரம்: வாட்ஸ்அப் சேனல்

குழு வேண்டாம், சேனல் தொடங்குங்கள். சேனலில் நிர்வாகி மட்டும் செய்தி போடுவார், மற்றவர்கள் பின்தொடர்ந்து படிப்பார்கள். குழுவில் எல்லோருடைய எண்ணும் எல்லோருக்கும் தெரியும். பெண் வாசகர்களும் மாணவிகளும் இருக்கும் இடத்தில் அது சரியல்ல. காலை வணக்கப் படங்களுக்கு நடுவே உங்கள் அறிவிப்பும் காணாமல் போகும். சேனலில் பின்தொடர்பவர்களின் எண்கள் ஒருவருக்கொருவர் தெரியாது.

வாட்ஸ்அப்பில் அப்டேட்ஸ் பகுதிக்குப் போய்க் கூட்டல் குறியைத் தொட்டால் சேனல் உருவாக்கும் வசதி வரும். நூலகத்தின் முழுப்பெயரை ஊரோடு சேர்த்துக் கொடுங்கள். பிறகு சேனலின் இணைப்பைக் குரோமில் திறந்து, பகிரும் பட்டியலிலிருந்தே கியூஆர் குறியீடு எடுத்துவிடலாம். இலவசம் என்று சொல்லும் சில தளங்களின் குறியீடு கொஞ்ச நாளில் செயலிழந்துவிடும், கவனம். அச்சிட்டுப் புத்தகம் திருப்பித் தரும் மேசையில் ஒட்டுங்கள். வாசகர் அங்கேதான் நின்று காத்திருப்பார்.

என்ன போடுவது? வாரம் மூன்று புதிய புத்தகங்கள். அட்டைப்படம், தலைப்பு, ஆசிரியர், எந்த அலமாரி, அதைப் பற்றி இரண்டு வரி. தலைப்பைப் படத்தோடு விட்டுவிடாமல் எழுத்திலும் அடியுங்கள். பார்வையற்ற வாசகரின் கைபேசி எழுத்தைத்தான் சரியாகப் படித்துச் சொல்லும்.

ஒரு சிக்கல் கட்டாயம் வரும். நூலகக் கணினியில் இருக்கும் பழைய புத்தகப் பட்டியல் வானவில் அல்லது பாமினி எழுத்துருவில் இருக்கும். அப்படியே ஒட்டினால் புரியாத ஆங்கில எழுத்துகளாக விழும். என்.எச்.எம். கன்வெர்ட்டர் போன்ற எழுத்துரு மாற்றியில் போட்டு, கைபேசியிலும் கணினியிலும் தமிழாகவே தெரியும் யுனிகோடாக்குங்கள். மாற்றியபின் கொம்பும் காலும் வரும் எழுத்துகளை ஒருமுறை கண்ணால் பாருங்கள். புதிதாக அடிப்பதற்குக் கைபேசியில் தமிழில் பேசினாலே போதும், எழுத்தாகிவிடும்.

யார் எந்தப் புத்தகம் எடுத்தார் என்பதை மட்டும் எப்போதும் போடாதீர்கள், பாராட்டுவதற்காகக்கூட. ஒருவர் என்ன படிக்கிறார் என்பது அவருடைய சொந்த விஷயம்.

நான்காம் வாரம்: கோரிக்கைப் படிவம்

கூகுள் படிவத்தில் ஐந்தே கேள்விகள்: பெயர், உறுப்பினர் எண், புத்தகம், ஆசிரியர், தொடர்பு எண். ஆதார் கேட்க வேண்டாம். பதில்களின் சுருக்கத்தை எல்லோருக்கும் காட்டும் வசதி அணைந்திருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். இல்லாவிட்டால் ஒருவர் கொடுத்த எண் இன்னொருவர் கண்ணில் படும். பதில்கள் வந்து சேரும் விரிதாளில் 'நிலை' என்று ஒரு பத்தி சேர்த்து, கிடைத்தது, வாங்கப் பரிந்துரைத்தது, கிடைக்கவில்லை என்று நிரப்புங்கள். இல்லை என்றாலும் பதில் போக வேண்டும். புத்தகத் தேர்வின்போது இந்தப் பட்டியல் உங்கள் கையில் இருக்கும்.

கேட்ட புத்தகம் நம்மிடம் இல்லையென்றால் தமிழ் இணையக் கல்விக்கழக மின்னூலகம், 1998-இல் தொடங்கிய மதுரைத் திட்டம், விக்கிமூலம், ஈழத்து நூல்களுக்கு 'நூலகம்' என்ற இணையதளம் ஆகியவற்றில் தேடி இணைப்பைக் கொடுங்கள். குழுக்களில் சுற்றும் பிடிஎஃப்களை நூலகத்தின் பெயரில் அனுப்பாதீர்கள். இந்தியாவில் ஆசிரியர் மறைந்து 60 ஆண்டுகள் வரை பதிப்புரிமை உண்டு. அரசு உரிமையை வாங்கிப் பொதுவாக்கிய, அதாவது நாட்டுடைமையான நூல்களுக்கு அந்தத் தடை இல்லை.

முகநூலும் இன்ஸ்டாகிராமும் இதற்குப் பிறகு, நேரம் இருந்தால்.

கடைசியாக ஒரு வேலை. மின்னஞ்சல் முகவரி, கடவுச்சொல், சேனல் எந்த எண்ணில் இருக்கிறது என்பதையெல்லாம் ஒரு தாளில் எழுதி, உறையில் போட்டு ஒட்டி, இருப்புப் பதிவேட்டோடு பீரோவில் வையுங்கள். சேனலுக்கு இன்னொரு ஊழியரையும் நிர்வாகியாகச் சேர்த்துவிடுங்கள்.