நூலைப் பரிந்துரைக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

"நல்ல நாவல் ஒன்று சொல்லுங்கள்" என்று ஒருவர் கேட்டவுடன் பத்துப் பெயர்களை அடுக்கிவிடுவது நம்மிடையே பரவலாகக் காணப்படும் வழக்கம். கேட்டவர் இதற்குமுன் எதைப் படித்து மகிழ்ந்தார், எதைப் பாதியில் மூடி வைத்தார், நாளொன்றுக்கு எவ்வளவு நேரம் படிக்க முடிகிறவர் என்பவற்றுள் எதையும் விசாரிக்காமல் சொல்லப்படும் அந்தப் பட்டியல், சொல்பவர் எவ்வளவு படித்தவர் என்பதைத்தான் தெரிவிக்கிறது. சீர்காழியில் 1892இல் பிறந்து சென்னைப் பல்கலைக்கழகத்தின் நூலகராகப் பணியாற்றிய எஸ். ஆர். ரங்கநாதன், 1931இல் வெளியிட்ட நூலக அறிவியலின் ஐந்து விதிகளுள் இரண்டாவதாக, ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்குரிய நூல் வேண்டும் என்றும், மூன்றாவதாக, ஒவ்வொரு நூலுக்கும் அதற்குரிய வாசகர் வேண்டும் என்றும் வகுத்தார். நூலகங்களை மனத்தில் கொண்டு எழுதப்பட்டவையே ஆயினும், இரண்டு நண்பர்களுக்கிடையே நடக்கும் பரிந்துரைக்கும் இவை அப்படியே பொருந்துகின்றன. நாம் செய்யும் தவறுகளில் பெரும்பாலானவை இவ்விரு விதிகளுள் ஏதேனும் ஒன்றை மறந்துவிடுவதால் நேர்பவை.

அவற்றுள் மிகப் பெரியது, புதிதாகப் படிக்க வருகிறவரை ஒரு மொழியின் மிகக் கடினமான ஆக்கத்தின் முன்னால் கொண்டுபோய் நிறுத்துவது. சுந்தர ராமசாமியின் 'ஜே.ஜே: சில குறிப்புகள்' 1981இல் வெளிவந்தபோது தமிழ் நாவலின் வடிவம் குறித்த எண்ணத்தையே மாற்றியது என்பது உண்மைதான், ஆனால் அது கற்பனையான மலையாள எழுத்தாளர் ஒருவரின் வாழ்வையும் நாட்குறிப்பையும் ஒட்டிய எண்ணங்களாக விரிவது. கதை எங்கே என்று தேடுகிற வாசகர் முப்பதாம் பக்கத்துக்குள் களைத்துப்போவார், அதற்காக அவரைக் குறை சொல்லவும் முடியாது. ஜெயமோகனின் 'விஷ்ணுபுரம்' (1997) பற்றியும் இதையே சொல்லலாம். நீண்ட தத்துவ விவாதங்களில் ஊன்றி நிற்கும் அந்தப் பெரிய நூலை, இதுவரை வார இதழ்ச் சிறுகதைகளை மட்டும் படித்துவந்த ஒருவரிடம் கொடுத்தால், நூலுக்கும் நியாயம் செய்யவில்லை, வாசகருக்கும் நியாயம் செய்யவில்லை. இதே எழுத்தாளர்களிடம் வேறு வாசல்கள் இருக்கின்றன. சுந்தர ராமசாமியின் 'ஒரு புளியமரத்தின் கதை' (1966) ஒரு மரத்தையும் அதைச் சுற்றியிருந்த ஊரின் மாற்றத்தையும் கதையாகவே சொல்லிச் செல்கிறது. ஜெயமோகனின் 'அறம்' தொகுப்பின் கதைகள் உண்மையில் வாழ்ந்த மனிதர்களை அடியொற்றி எழுதப்பட்டவை, முதல் வரியிலேயே உள்ளே இழுத்துக்கொள்பவை. எங்கிருந்து தொடங்குவது என்று தெரியாத நகரத்து வாசகருக்கு அசோகமித்திரனின் 'தண்ணீர்' இன்னும் நல்ல தொடக்கம் என்பது என் கருத்து. ஓரிரு மாலைகளில் முடித்துவிடக்கூடிய அளவு, சென்னையின் தண்ணீர்ப் பஞ்சம் என்ற எல்லோருக்கும் தெரிந்த களம், எங்கும் குரல் உயராத எளிய நடை என்று எல்லாம் அதில் கூடிவருகின்றன.

விருது பெற்ற நூல் என்பதையே பரிந்துரைக்குக் காரணமாகக் காட்டுவது அடுத்த தவறு. தி. ஜானகிராமனுக்கு 1979இல் சாகித்திய அகாதெமி விருது கிடைத்தது 'சக்தி வைத்தியம்' என்ற சிறுகதைத் தொகுப்புக்குத்தான். அவருடைய பெயரைக் கேட்டதும் வாசகர் நினைவுக்கு வரும் 'மோகமுள்'ளுக்கோ 'அம்மா வந்தா'ளுக்கோ அல்ல. சுந்தர ராமசாமிக்கு அந்த விருது வழங்கப்படவே இல்லை. கி. ராஜநாராயணனுக்கு 1991இல் விருது பெற்றுத்தந்த 'கோபல்லபுரத்து மக்கள்', 1976இல் வந்த 'கோபல்ல கிராம'த்தின் தொடர்ச்சி ஆகும். விருதுப் பட்டியலைப் பார்த்து நூல் வாங்குகிறவர், ஒரு பெருங்கதையை அதன் இரண்டாவது பாகத்திலிருந்து தொடங்கி, மக்கள் ஏன் அந்தக் கரிசல் மண்ணுக்கு வந்து சேர்ந்தார்கள் என்ற முதல் கேள்விக்கே விடை அறியாமல் படித்துக்கொண்டிருப்பார். பரிந்துரைப்பவர் ஒரே வரியில் வரிசையைச் சொல்லியிருந்தால் இது நேராது.

கி.ரா.வைப் பற்றிப் பேசும்போது வட்டார வழக்கைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். தஞ்சையிலோ கோவையிலோ வளர்ந்த ஒருவருக்குக் கரிசல் பேச்சு உடனே பிடிபடாது. தோப்பில் முஹம்மது மீரானின் 'ஒரு கடலோர கிராமத்தின் கதை'யில் வரும் குமரிக் கடற்கரை முஸ்லிம்களின் பேச்சு, தமிழ்நாட்டிலேயே பிறந்தவருக்கும் தொடக்கத்தில் தடுமாற்றம் தரக்கூடியது. ஈழத்து நாவல்களின் உரையாடல்களும் அப்படியே. இதை முன்கூட்டிச் சொல்லாமல் "அருமையான நாவல்" என்று மட்டும் சொல்லிக் கொடுத்துவிட்டால், படிப்பவர் தன் அறிவில்தான் ஏதோ குறை என்று எண்ணி நூலை ஒதுக்கிவிடுகிறார். முதல் இருபது, முப்பது பக்கங்கள் மெதுவாகத்தான் நகரும், உரையாடல்களை வாய்விட்டுப் படித்தால் பாதிச் சொற்களின் பொருள் தானே விளங்கும் என்று சொல்லிக் கொடுப்பது போதும். கி.ரா. தாமே கரிசல் வட்டாரச் சொற்களுக்கு அகராதி தொகுத்தவர் என்பதையும் சேர்த்துச் சொன்னால், ஆர்வமுள்ளவர் அதையும் தேடிக்கொள்வார். வழக்கு கடினம் என்பதற்காக இத்தகைய நூல்களைப் பரிந்துரைக்காமலே விட்டுவிடுவதும் தவறுதான். தமிழ்ப் புனைவின் செழுமையில் பெரும்பகுதி அங்கேதான் இருக்கிறது.

இப்போது படித்துக்கொண்டிருக்கும் நூலைப் பற்றிப் பேசுவது, முடித்த நூலைப் பற்றிப் பேசுவதிலிருந்து வேறுபட்ட செயல் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. ஐம்பது பக்கம் படித்தவர் அந்த ஐம்பது பக்கத்துக்கு மட்டுமே சாட்சி சொல்ல முடியும். 'பொன்னியின் செல்வ'னை எடுத்துக்கொள்வோம். ஆடிப் பெருக்கு நாளன்று வீரநாராயண ஏரிக்கரையில் வந்தியத்தேவன் குதிரையில் வரும் முதல் அத்தியாயத்தைப் படித்து மயங்கி, இதற்கு இணையான நாவலே இல்லை என்று தீர்ப்புச் சொல்கிறவரும் இருக்கிறார். இரண்டாம் பாகத்தின் நடுவில் சோர்ந்து, தேவையில்லாமல் இழுக்கிறார் என்று சலித்துக்கொள்கிறவரும் இருக்கிறார். 1950 முதல் 1954 வரை கல்கி இதழில் வாரந்தோறும் தொடராக வெளிவந்த கதை அது. ஒரு வாரம் காத்திருக்கப்போகும் வாசகரைப் பிடித்து வைப்பதற்காகவே அத்தியாயங்களின் முடிவுகள் அமைக்கப்பட்டிருக்கின்றன. முன்னர் நடந்தது மீண்டும் நினைவூட்டப்படுவதும் அதே காரணத்தால்தான். ஒரே மூச்சில் ஐந்து பாகங்களையும் முடிக்க முயல்பவருக்கு அந்த உத்திகளே அலுப்பாக மாறுகின்றன. ஆகவே இந்நூலைச் சொல்கிறவர், தாம் எந்தப் பாகத்தில் இருக்கிறார் என்பதையும், நாளுக்கு நான்கைந்து அத்தியாயங்களாகப் படிப்பதே இதற்கு ஏற்ற வேகம் என்பதையும் சேர்த்துச் சொல்வது நல்லது. முடிக்காத நூலைப் பற்றிப் பேசவே கூடாது என்பதில்லை. எவ்வளவு படித்தோம் என்பதை மறைத்துப் பேசுவதுதான் தவறு. ஒரே நேரத்தில் ஏழெட்டு நூல்களைப் படித்துக்கொண்டிருப்பதாக அட்டைப்படங்களை வரிசையாகக் காட்டுவதைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. அதனால் யாருக்கும் தீங்கு இல்லை, பயனும் இல்லை.

கதையை முன்கூட்டியே சொல்லிவிடுவது குறித்து நம்மிடம் இரண்டு எல்லைகள் உண்டு: சிலர் கடைசிப் பக்கம் வரை சொல்லிவிடுகிறார்கள், சிலர் கதைமாந்தரின் பெயரைச் சொல்வதற்கே அஞ்சுகிறார்கள். ஆதித்த கரிகாலன் கொல்லப்பட்டான் என்பது காட்டுமன்னார்கோயிலை அடுத்த உடையார்குடிக் கல்வெட்டிலேயே இருக்கும் செய்தி. அதைச் சொல்வதால் கல்கியின் நாவலுக்கு எந்த இழப்பும் வராது. ஆனால் அந்தக் கொலை நாவலில் எந்தச் சூழலில் நிகழ்கிறது, அப்போது அங்கே யார் யார் இருந்தார்கள் என்பது கல்கி நான்கு பாகங்கள் காத்துவைத்த இரகசியம், அதை உடைக்க நமக்கு உரிமையில்லை. மாறாக, 'தண்ணீர்' போன்ற நாவலில் என்ன நடக்கிறது என்பதை முழுவதும் சொல்லிவிட்டாலும் படிப்பதற்கான காரணம் குறைவதில்லை, ஏனெனில் அதன் உயிர் நிகழ்ச்சியில் இல்லை, சொல்லும் முறையில் இருக்கிறது.

நூலின் உள்ளடக்கம் யாரைப் புண்படுத்தக்கூடும் என்பதைச் சொல்லாமல் விடுவது, கதையை முன்கூட்டியே சொல்லிவிடுவதைவிடப் பெரிய தவறு. இமையத்துக்கு 2020ஆம் ஆண்டுக்கான சாகித்திய அகாதெமி விருதைப் பெற்றுத்தந்த 'செல்லாத பணம்', தீக்காயங்களுடன் மருத்துவமனையில் கிடக்கும் மகளைச் சுற்றி ஒரு குடும்பம் தவிப்பதை ஒளிவுமறைவின்றிச் சொல்கிறது. மிக வலுவான நாவல் அது. ஆனால் அண்மையில் வீட்டில் ஒருவரை இழந்து, மனத்தை வேறு பக்கம் திருப்ப வேண்டும் என்று நூல் கேட்கிறவரிடம், அதன் களத்தைச் சொல்லாமல் அதைக் கொடுப்பது இரக்கமற்ற செயல். "மருத்துவமனையில் நடக்கும் கதை, படிக்கக் கனமாக இருக்கும், இப்போது வேண்டுமா என்று நீங்களே முடிவுசெய்துகொள்ளுங்கள்" என்று சொல்ல அரை நிமிடம்கூட ஆகாது. துயரமான நூல்களை எல்லோரிடமிருந்தும் மறைத்துவைக்க வேண்டும் என்று இதற்குப் பொருளில்லை. அதே நிலையில் இருக்கும் வேறொருவர் அத்தகைய நூலைத்தான் தேடிக்கொண்டிருக்கவும் கூடும்.

நூலின் பெயரையும் ஆசிரியரின் பெயரையும் சொன்னால் போதும் என்று நினைப்பதும் நடைமுறையில் நிறைய இடர்ப்பாடுகளைத் தருகிறது. நாட்டுடைமையாக்கப்பட்ட எழுத்துகளைப் பல பதிப்பகங்கள் ஒரே நேரத்தில் வெளியிடுகின்றன. அவற்றுள் கவனமாகப் பிழைதிருத்தப்பட்டவையும் உண்டு, பக்கத்துக்குப் பக்கம் அச்சுப்பிழை மலிந்தவையும் உண்டு, சுருக்கப்பட்ட வடிவங்களும் உண்டு. பரிந்துரைப்பவர் தாம் படித்த பதிப்பைச் சொல்லாவிட்டால், கேட்டவர் மலிவான சுருக்கப் பதிப்பொன்றை வாங்கிவந்து, இதற்கா இவ்வளவு புகழ் என்று வியப்பார். மொழிபெயர்ப்புகளில் இது இன்னும் முக்கியமாகிறது. அதீன் பந்த்யோபாத்யாயவின் 'நீலகண்டப் பறவையைத் தேடி'யைச் சொல்லும்போது சு. கிருஷ்ணமூர்த்தியின் பெயரையும், தாராசங்கர் பந்த்யோபாத்யாயவின் 'ஆரோக்கிய நிகேதன'த்தைச் சொல்லும்போது த. நா. குமாரஸ்வாமியின் பெயரையும் விட்டுவிடுவது நன்றி கொன்ற செயல் மட்டுமன்று, பயனற்ற பரிந்துரையும் ஆகும். நாம் படித்து நெகிழ்ந்தது அவர்கள் எழுதிய தமிழைத்தான். தஸ்தாயெவ்ஸ்கியைத் தமிழில் படிக்க விரும்புகிறவரிடம் 'குற்றமும் தண்டனையும்', 'அசடன்' ஆகிய இரண்டையும் எம். ஏ. சுசீலா ஆங்கில வழியாக மொழிபெயர்த்திருக்கிறார் என்று சொன்னால், அவர் கடையில் எதைக் கேட்டு வாங்குவது என்று தெரிந்துகொள்வார். அச்சில் இல்லாத நூலை ஆசை காட்டிவிட்டு நிறுத்திக்கொள்வதும் வழக்கமாகிவிட்டது. பழைய நூல் என்றால் கன்னிமாரா நூலகத்தில் தேடலாம், பதிப்புரிமை நீங்கிய நூல் என்றால் தமிழ் நூல்களை இணையத்தில் தொகுத்து வழங்கும் மதுரைத் திட்டத்தில் பார்க்கலாம், ஈழத்து நூல் என்றால் நூலகம் என்ற பெயரிலேயே இயங்கும் எண்ணிம நூலகத்தில் பார்க்கலாம் என்று வழியையும் காட்டிவிட வேண்டும்.

கொடுத்த பிறகு செய்யும் தவறு ஒன்று எஞ்சியிருக்கிறது. வாரம் ஒருமுறை "முடித்துவிட்டீர்களா?" என்று கேட்பது, நூலைக் கடனாக மாற்றிவிடுகிறது. பிடிக்கவில்லை என்று அவர் சொன்னால் வாதாடத் தொடங்குவது அதைவிடத் தவறு. அப்போது கேட்க வேண்டியது, எந்த இடத்தில் நிறுத்தினீர்கள் என்பதுதான். 'கோபல்ல கிராம'த்தைத் தொடக்கத்திலேயே மூடிவைத்தவருக்குப் பெரும்பாலும் வழக்குதான் தடையாக இருந்திருக்கும். அவருக்கு அசோகமித்திரனின் 'பதினெட்டாவது அட்சக்கோடு' போன்ற, பொதுத்தமிழில் அமைந்த நூலைக் கொடுத்துப் பார்க்கலாம். பாதிவரை வந்து, ஊர்க்கதைகளாகவே போகிறது, ஒரு நாயகனைப் பின்தொடர முடியவில்லை என்று நிறுத்தியவருக்கு, இரண்டாம் உலகப் போர்க்காலத்து மெடானிலும் பினாங்கிலும் பாண்டியன் என்ற ஒரு மனிதனோடு கூடவே அலையவைக்கும் ப. சிங்காரத்தின் 'புயலிலே ஒரு தோணி' பிடித்துப்போக வாய்ப்பு அதிகம்.