தடுப்பூசி வந்த பின் எந்தக் கட்டுப்பாட்டை எப்போது விலக்குவது?

கொரோனா போன்ற பெருந்தொற்றில், தடுப்பூசி கிடைக்கத் தொடங்கும் நாளும் கட்டுப்பாடுகளை விலக்கத் தகுந்த நாளும் ஒன்றல்ல. 2020 டிசம்பர் 8 அன்று பிரிட்டன் பொதுமக்களுக்குப் போடத் தொடங்கிய ஃபைசர் நிறுவனத்தின் கொரோனா தடுப்பூசிக்கு, ஆய்வில் 21 நாள் இடைவெளியில் இரண்டு தவணைகள் தரப்பட்டன. பெரிதும் பேசப்பட்ட 95 சதவீதத் திறன், இரண்டாம் தவணைக்கு ஏழு நாட்களுக்குப் பிறகு கணக்கிடப்பட்டது. ஒருவருக்கே ஏறத்தாழ ஒரு மாதம் ஆகுமென்றால், ஒரு சமூகத்துக்குப் பல மாதங்கள் தேவைப்படும். எனவே எல்லாக் கட்டுப்பாடுகளையும் ஒரே மூட்டையாகக் கட்டி வைத்து முடிவெடுக்காமல், ஒவ்வொன்றையும் தனித்தனியே எடைபோடுங்கள்.

முதலில் பார்க்க வேண்டியது மொத்த மக்கள்தொகையின் சராசரியை அல்ல, முதியோரும் இணைநோய் உள்ளவர்களும் எந்த அளவுக்குத் தடுப்பூசி போட்டிருக்கிறார்கள் என்பதையே. முதியோரில் 80 சதவீதம், 95 சதவீதம் என்ற இரு எண்களும் அருகருகே இருப்பதுபோல் தோன்றும். ஆனால் விடுபட்டவர்களைக் கணக்கிட்டால் நூற்றுக்கு 20 பேர், 5 பேர் என்று நான்கு மடங்கு வேறுபாடு தெரியும். மருத்துவமனையில் சேரும் அபாயம் மிகுந்தவர்கள் அந்த விடுபட்டவர்களே. தடுப்பூசிக்குத் தட்டுப்பாடு இல்லாத ஹாங்காங்கில் 2022 தொடக்கத்தில் ஒமைக்ரான் என்னும் உருமாறிய கொரோனா வைரஸ் பரவியபோது, தடுப்பூசி போடாத முதியோரே பெருமளவில் இறந்தனர்.

அடுத்து, ஒவ்வொரு விதியும் மக்களிடமிருந்து எதைப் பறிக்கிறது, பதிலுக்கு எதைத் தருகிறது என்று கேளுங்கள். பள்ளி மூடலும் ஊரடங்கும் கல்வியையும் பிழைப்பையும் பாதிப்பதால், ஆபத்து மிகுந்தவர்கள் பாதுகாப்புப் பெற்றதும் முதலில் விலக வேண்டியவை அவையே. மருத்துவமனைகளில் முகக்கவசம், அறைகளில் நல்ல காற்றோட்டம் போன்ற செலவு குறைந்த ஏற்பாடுகள் கடைசிவரை இருக்கலாம். தெருக்களில் கிருமிநாசினி தெளிப்பதை நிறுத்தத் தடுப்பூசிக்காகக் காத்திருக்கவே தேவையில்லை.

தளர்த்துவதற்கு முன்பே, எந்த நிலை வந்தால் விதி திரும்பும் என்பதையும் எழுதி அறிவித்துவிடுங்கள். இஸ்ரேல் 2021 ஜூன் 15 அன்று உள்ளரங்க முகக்கவச விதியை நீக்கி, டெல்டா என்னும் மற்றொரு உருமாறிய வைரஸ் பரவியதால் பத்தே நாளில் மீண்டும் கொண்டுவந்தது. அதைத் தோல்வி என்று சொல்ல மாட்டேன். முன்னறிவிப்பு இல்லாமல் விதி மாறும்போதுதான் மக்களுக்கு எரிச்சல் வருகிறது. அளவுகோலாகத் தினசரித் தொற்று எண்ணிக்கையைவிட, மருத்துவமனையில் சேர்வோர் எண்ணிக்கையை முதன்மையாகக் கொள்வது நல்லது. எனினும் தொற்று ஏற்பட்டு ஒன்றிரண்டு வாரம் கழித்தே அது உயரும் என்பதால், படுக்கைகள் நிரம்பும்வரை காத்திராதபடி வரம்பைத் தாழ்வாகவே வையுங்கள்.

தடுப்பூசி போட்டவர்களுக்கு மட்டும் சலுகை தருவது, தடுப்பூசி பரவலையும் கணிசமாகத் தடுக்கும்வரையில்தான் நியாயமாகும். ஒமைக்ரானுக்குப் பின் கடுமையான நோயிலிருந்து கிடைத்த பாதுகாப்பு பெரிதும் நீடித்தாலும், தொற்றைத் தடுக்கும் ஆற்றல் வெகுவாகக் குறைந்ததால் தடுப்பூசிச் சான்றிதழ் கேட்பதன் அடிப்படையும் தளர்ந்தது. மீதமிருக்கும் விதி ஒவ்வொன்றுக்கும் ஒரு காலாவதி நாளைக் குறித்து, நீட்டிக்க விரும்புவோரே அதற்கான காரணத்தைக் காட்டும்படி செய்யுங்கள்.