ஸ்வால்பார்டின் துருவ இரவில் நிலக்காட்சியைப் படமெடுக்கும் முறை

நார்வேக்கு உரிய ஸ்வால்பார்டு தீவுக்கூட்டத்தின் முதன்மை ஊரான லாங்யியர்பியன் 78 பாகை வட அட்சத்தில் இருப்பதால், அங்கே அக்டோபர் இறுதி முதல் பிப்ரவரி நடுப்பகுதி வரை சூரியன் எழுவதில்லை. அங்கு செல்வோர் பெரும்பாலும் வானில் அசையும் வண்ண ஒளியான துருவ ஒளியையே (அரோரா) தேடுகின்றனர். நண்பகலிலும் அதைக் காணக்கூடிய மிகச் சில இடங்களுள் ஸ்வால்பார்டு ஒன்று என்பதும் உண்மைதான். ஆனால் வானம் அடுத்த ஆண்டும் அப்படியே இருக்கும், அதன் கீழுள்ள பனியாறு அப்படி இருக்காது என்பதால், நிலத்தையே முதன்மைப் பொருளாகக் கொள்வது நல்லது என்பேன்.

நிலத்துக்கு விளக்கு நிலவுதான். டிசம்பர் முழுநிலவு பல நாட்கள் மறையாமல் அடிவானத்துக்கு மேலேயே சுற்றிவரும். அமாவாசையை ஒட்டிய நாட்களிலோ எழுவதே இல்லை. ஆகவே விமானச் சீட்டு எடுக்கும் முன்பே நிலவின் நாட்களைக் கணக்கிட்டுக்கொள்ள வேண்டும். நீல நிற அந்தியொளி வேண்டுமென்றால் பிப்ரவரியின் முதல் இரு வாரங்கள் ஏற்றவை.

எங்கே நிற்பது என்பதைப் பழைய பயணக் குறிப்புகளை நம்பி முடிவு செய்யக் கூடாது. முன்பு குளிர்காலத்தில் உறைந்து பாதையாகப் பயன்பட்ட ஃபியோர்டுகள் (மலைகளுக்கிடையே உள்நுழையும் குறுகிய கடற்கிளைகள்) சில இப்போது பல ஆண்டுகளில் திறந்த நீராகவே கிடக்கின்றன. நடுக்குளிரிலும் மழை பெய்து, நிலம் முழுவதும் கண்ணாடிபோல் உறைவதுண்டு; காலணியில் மாட்டும் இரும்பு முட்கள் இல்லாமல் முக்காலியுடன் நடப்பது ஆபத்து. 2015 டிசம்பரில் லாங்யியர்பியனின் வீடுகள்மீதே பனிச்சரிவு விழுந்து இருவர் இறந்தனர் என்பதால், மலைச்சரிவின் அடியில் முக்காலியை ஊன்றும் முன் அன்றைய பனிச்சரிவு எச்சரிக்கையையும், கடற்கரைக்குப் போவதானால் நார்வே வானிலை நிறுவனத்தின் கடற்பனி வரைபடத்தையும் பார்ப்பது கட்டாயம். ஊர் எல்லைக்கு வெளியே பனிக்கரடி எங்கும் வரலாம். துப்பாக்கி ஏந்திய வழிகாட்டியுடன் மட்டுமே செல்லுங்கள்.

முழுநிலவில் அகலக்கோண லென்ஸின் துளையை எஃப் 2.8க்குத் திறந்து, ஐஎஸ்ஓ (ஒளியுணர்திறன்) 800இல் 8 நொடி ஒளிபடும் நேரத்திலிருந்து தொடங்கலாம். துருவ ஒளி வேகமாக அசைந்தால் ஐஎஸ்ஓவை 3200 வரை உயர்த்தி நேரத்தை 3 நொடியாகக் குறைக்க வேண்டும். தானியங்கிக் குவியத்தை அணைத்து, திரையில் ஒரு விண்மீனைப் பெரிதாக்கிக் கையால் குவித்து, வளையத்தை ஒட்டுநாடாவால் நிறுத்திவிடுங்கள். இருட்டுக்குப் பழகிய கண்ணுக்குக் கேமராத் திரை எப்போதும் பொய் சொல்லும். படம் போதிய வெளிச்சத்துடன் வந்ததா என்பதை, படத்தின் இருள்-ஒளிப் பரவலைக் காட்டும் வரைபடமான ஹிஸ்டோகிராமில் மட்டுமே சரிபார்க்கவும். பேட்டரிகளை உள்சட்டைப் பையில், உடல் சூட்டில் வைத்து மாற்றி மாற்றிப் பயன்படுத்துங்கள். லென்ஸின்மீது மூச்சு பட்டால் அது அங்கேயே உறைந்துவிடும் என்பதால், படும் முன் முகத்தைத் திருப்பிக்கொள்ளப் பழக வேண்டும்.

பனியாற்றின் முகப்பைப் படமெடுத்தால், நின்ற இடத்தின் ஆயத்தொலைவுகள், நோக்கிய திசை, குவியத்தூரம், தேதி ஆகியவற்றைக் குறித்துவையுங்கள். பின்னொரு ஆண்டு அதே இடத்தில் அதே சட்டகத்தில் எடுக்கும் படத்துடன் ஒப்பிட முடிந்தால்தான் பனி எவ்வளவு பின்வாங்கியது என்பது புலப்படும்.

அறைக்குத் திரும்பும்போது, கேமராவை வெளியிலேயே காற்றுப் புகாத நெகிழிப்பையில் இட்டு மூடி, உள்ளே வந்தபின் இரண்டு மணி நேரமாவது திறக்காமல் வையுங்கள்; ஈரம் லென்ஸில் படியாமல் பையின் வெளிப்புறத்தில் படியும். படங்களை உடனே பார்க்க ஆவல் எழும் என்பதால், நினைவட்டையை மட்டும் பையில் இடும் முன்பே கழற்றிக்கொள்ளுங்கள்.