ஒரிஜினல் படத்தில் பசை தடவாதீர்கள்

ஞாயிற்றுக்கிழமைகளில் சென்னை நங்கநல்லூரில் என் வீட்டு முன்னறையில் நாலைந்து பேருக்கு ஸ்கிராப்புக், அதாவது படங்களையும் ஞாபகப் பொருட்களையும் ஒட்டி, பக்கத்தில் எழுதி வைக்கிற ஆல்பம், செய்யச் சொல்லித் தருகிறேன். போன வாரம் புதிதாகச் சேர்ந்த ஒரு பெண், தன் அம்மாவின் பள்ளிக்கூடக் குழுப் படத்தைப் பையிலிருந்து எடுத்தார். அம்மாவின் முகத்தைச் சுற்றி வட்டமாக வெட்டக் கத்தரிக்கோலை வைத்துவிட்டார். நான் எழுந்து போய்க் கையைப் பிடித்து, காப்பி எடுத்து அதை வெட்டச் சொன்னேன். "அக்கா, ஒரிஜினலே இருக்கு, எதுக்கு காப்பி?" என்று கேட்டார். பதினோரு வருஷம் முன்னால் நானும் இதையேதான் நினைத்தேன்.

படத்தைக் கோணலாக ஒட்டுவது, எழுத்துப் பிழை, விரல் ரேகை எல்லாம் நாலாவது பக்கம் செய்யும்போது தானாகவே சரியாகிவிடும். அவற்றை இங்கே சொல்லவில்லை. தானாகச் சரியாகாத தவறுகளை மட்டும் சொல்கிறேன்.

ஒரிஜினலை வெட்டுவது, ஒட்டுவது

என்னிடம் தாத்தா பாட்டியின் கல்யாணப் படம் ஒன்று இருந்தது. கறுப்பு வெள்ளை, ஸ்டூடியோவில் எடுத்தது. பாட்டி நாற்காலியில் உட்கார்ந்திருப்பார், தாத்தா பக்கத்தில் நிற்பார், பின்னால் தூணும் படிக்கட்டும் வரைந்த திரைச்சீலை. அந்தத் திரைச்சீலை என் பக்கத்தின் நிறத்தோடு சேரவில்லை. அதனால் இருவரையும் மட்டும் ஓரத்தோடு வெட்டியெடுத்து, பின்பக்கம் முழுக்க வெள்ளைப் பசை தடவி, சிவப்பு சார்ட் பேப்பரில் ஒட்டினேன். பார்க்க நன்றாகத்தான் இருந்தது.

இரண்டு வருஷம் கழித்து அத்தை வந்தார். பக்கத்தைப் பார்த்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி: "பின்னாடி அப்பா ஏதோ எழுதியிருந்தாரே, என்னம்மா அது?" எனக்குத் தெரியவில்லை. வெட்டும்போது பின்னால் நீல மை தெரிந்தது ஞாபகம் இருக்கிறது. திருப்பிப் படிக்கவில்லை. "திரைச்சீலையைப் பார்த்தா எந்த ஸ்டூடியோன்னாவது சொல்லிடுவேன்" என்றார். அதைத்தான் வெட்டிக் குப்பையில் போட்டிருந்தேன். அன்று ராத்திரியே ஒரு மூலையைப் பிரித்துப் பார்த்தேன். படத்தாள் இரண்டாகப் பிளந்து, எழுத்து இருந்த பாதி சார்ட்டோடு தங்கிவிட்டது. தாத்தா என்ன எழுதினார் என்பது இன்றைக்கும் யாருக்கும் தெரியாது. அந்தப் படத்துக்கு நெகட்டிவும் இல்லை.

இதை யாராவது திரும்பச் செய்வதைப் பார்த்தால் எனக்கு இப்போதும் கோபம் வருகிறது. ஏனென்றால் இதைத் தவிர்க்க ஆகிற செலவு ரொம்பக் கொஞ்சம். ஸ்கேனரில் 600 டி.பி.ஐ.யில் (ஓர் அங்குலத்துக்கு 600 புள்ளி) வைத்து, முன்பக்கம் ஒரு தடவை, பின்பக்கம் ஒரு தடவை எடுங்கள். மூன்றுக்கு நான்கு அங்குலப் படம் 1800க்கு 2400 பிக்சல் வரும். ஆறுக்கு எட்டு அங்குலம் வரை பெரிதாக்கினாலும் தெளிவாக இருக்கும். அதைப் பிரிண்ட் போட்டு எப்படி வேண்டுமானாலும் வெட்டுங்கள், வட்டம், இதயம், நட்சத்திரம், உங்கள் இஷ்டம். பின்பக்கத்துக் கையெழுத்தையும் பிரிண்ட் போட்டுப் படத்துக்குக் கீழேயே ஒட்டலாம். என் வகுப்பில் எல்லாரும் நின்று பார்ப்பது அந்தக் கையெழுத்தைத்தான்.

ஒரிஜினலையே வைத்தாக வேண்டும் என்றால் பசையே படக்கூடாது. படத்தின் நாலு மூலைக்கும் காகித மூலைகள், அதாவது சின்ன முக்கோண உறைகள், செருகி, அந்த உறைகளை மட்டும் பக்கத்தில் ஒட்டுங்கள். படத்தை எப்போது வேண்டுமானாலும் வெளியே எடுக்கலாம். செல்லோ டேப் சில வருஷத்தில் மஞ்சளாகிப் பிசுபிசுக்கும், கறையை விட்டுவிட்டுப் போகும். சைக்கிள் கடை ரப்பர் சொல்யூஷன் அதைவிட மோசம். மைதாப் பசை காய்ச்சி ஒட்டுகிறவர்களும் இருக்கிறார்கள். அது ராமபாணப் பூச்சிக்கு வைத்த சாப்பாடு.

உங்கள் வீட்டில் பழைய பிளாஸ்டிக் தாள் ஆல்பம் இருக்கிறதா? அட்டையில் கோடு கோடாகப் பசை, மேலே பளபளப்பான தாள் இருக்குமே, அதுதான். அதிலிருந்து படத்தைப் பிய்த்து எடுக்காதீர்கள். பல்லிடுக்கில் விடுகிற டென்டல் ஃபிளாஸ் நூலை மூலையிலிருந்து படத்துக்கு அடியில் நுழைத்து, மெதுவாக அறுப்பது மாதிரி இழுத்துக்கொண்டே போனால் பெரும்பாலும் வந்துவிடும். வராவிட்டால் விட்டுவிடுங்கள். ஆல்பத்தோடு வைத்தே ஸ்கேன் செய்யலாம்.

சார்ட் பேப்பர்

பள்ளிக்கூட புராஜெக்டுக்கு வாங்குகிற சார்ட், சீக்கிரம் வெளுக்கிறது, பழுக்கிறது. மலிவான காகிதத்தில் மரத்திலிருந்து வருகிற லிக்னின் என்ற பொருள் இருக்கும். செய்தித்தாளை வெயிலில் போட்டால் மஞ்சளாவது அதனால்தான். பாரிமுனை ஆண்டர்சன் தெருவில் கல்யாணப் பத்திரிகை அடிக்கிறவர்களுக்கு அட்டை விற்கிற கடைகள் வரிசையாக இருக்கின்றன. அங்கே போய் ஆசிட் ஃப்ரீ (அமிலம் இல்லாத) அட்டை, 200 முதல் 300 ஜி.எஸ்.எம். (ஒரு சதுர மீட்டருக்கு இத்தனை கிராம் என்கிற கணக்கு) என்று கேளுங்கள். தொட்டுப் பார்த்து வாங்கலாம். வெளிநாட்டு வீடியோக்களைப் பார்த்துவிட்டு 12க்கு 12 அங்குலம்தான் வேண்டும் என்று அலையவும் வேண்டாம். ஏ4 அளவுக்கு ஃபைலும், பக்கத்தைச் செருகுகிற பிளாஸ்டிக் உறையும் எங்கே போனாலும் கிடைக்கும். உறை மட்டும் பி.வி.சி.யாக இருக்கக் கூடாது, பாலிபுரொப்பிலீன் என்று போட்டிருக்கிறதா என்று பாருங்கள்.

ஒரே பக்கத்தில் எட்டுப் படம்

மகாபலிபுரம் போய்வந்தால் எண்பது படம் இருக்கும், எல்லாமே பிடித்திருக்கும். புரிகிறது. ஆனால் ஏ4 பக்கத்தில் எல்லாமே சின்னதாகிவிட்டால் எதையும் யாரும் பார்க்க மாட்டார்கள். ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். அது ஐந்துக்கு ஏழு அங்குலம் இருக்கட்டும். கூட இரண்டு சின்னப் படம் போதும். மிச்ச இடத்தைச் சும்மா விடுங்கள். வெற்றிடத்தைப் பார்த்ததும் ஸ்டிக்கரைத் தேடிக் கை போகும், போக விடாதீர்கள். நிறத்தையும் அந்தப் பெரிய படத்திலிருந்தே எடுங்கள், பாட்டியின் புடவைக் கரையில் இருக்கிற அரக்கும் மாம்பழ மஞ்சளும் போதும்.

ஒட்டுவதற்கு முன்னால் எல்லாவற்றையும் பக்கத்தில் பரப்பி வைத்து, போனில் ஒரு படம் எடுங்கள். கண்ணுக்குத் தப்பியது போனில் தெரியும். புள்ளி வைத்த பிறகுதானே கோலத்துக்கு இழை இழுக்கிறோம்.

மினுமினுப்புத் தூள்

வேண்டாம்.

ரசீதும் டிக்கெட்டும்

மெஷினிலிருந்து சுருளாக வருகிற ரசீது பெரும்பாலும் சூட்டில் எழுத்து வருகிற தாள். மை கிடையாது. சென்னை வெயிலில் சில மாதத்திலேயே வெள்ளைத் தாளாகிவிடும். முதல் சம்பளத்தில் அப்பாவுக்கு வாங்கிய சட்டையின் பில் என்னிடம் அப்படித்தான் வெறும் தாளாக இருக்கிறது. கையில் வந்த அன்றே ஜெராக்ஸ் எடுத்து, ஜெராக்ஸை ஒட்டுங்கள். பழைய ரயில் அட்டை டிக்கெட் இருந்தால் கவலையில்லை, அது அச்சடித்தது.

மல்லிகைச் சரம்

ஈரத்தோடு ஒட்டினால் பூஞ்சை.

மழைக்காலத்தில் ஒட்டுவது

அக்டோபர் முதல் டிசம்பர் வரை நம் ஊர்க் காற்றில் ஈரம் அதிகம். தண்ணீர் கலந்த பசை காயாது, அட்டை வளையும். நான் அந்த மாதங்களில் ஸ்கேன் செய்வது, எழுதுவதோடு நிறுத்திக்கொள்வேன். ஒட்டுவது தை பிறந்த பிறகு. அவசரம் என்றால் இருபக்க டேப் போதும். முடித்த பக்கத்தைப் பரணில், வெளிச்சுவரை ஒட்டிய அலமாரியில் வைக்காதீர்கள். பீரோவின் நடுத்தட்டில், ஈரத்தை உறிஞ்சுகிற சிலிகா ஜெல் பொட்டலம் இரண்டைப் போட்டு வையுங்கள்.

பெயர் இல்லாத முகங்கள்

நிறையப் பேர் தலைப்பு மட்டும் எழுதுகிறார்கள். 'இனிய நினைவுகள்'. யாருடைய நினைவு, எந்த வருஷம், அந்த ஓரத்தில் நிற்கிற சின்னப் பையன் யார்? யார், எங்கே, எப்போது என்பதையாவது எழுதுங்கள். கூட ஒரு வரி, படத்தில் தெரியாதது. அன்றைக்குக் கரண்ட் போயிருந்தது, சித்தப்பா கோபித்துக்கொண்டு மொட்டை மாடியில் இருந்தார், இப்படி ஏதாவது. வீட்டில் பெரியவர்கள் இருந்தால் படத்தைப் போனில் காட்டி அவர்களையே ஒரு துண்டுத் தாளில் எழுதித் தரச் சொல்லுங்கள். கை நடுங்கினாலும் பரவாயில்லை, தட்டச்சு செய்ய வேண்டாம்.

அத்தைக்கு இப்போது எண்பத்திரண்டு வயது. போன மாதம் ஒரு பழைய லெட்டர் பேடைக் கையில் கொடுத்து, கல்யாண நாளைப் பற்றித் தாத்தா சொல்லக் கேட்டதை எழுதச் சொன்னேன். ஒன்றரைப் பக்கம் எழுதினார். அதை ஸ்கேன் செய்துவிட்டேன், இரண்டு பக்கமும்.