மணி இல்லாமலே ஆடிய சிக்னல்: என் அனுபவம்

கண்டிப் பக்கம் எங்கள் ஆய்வுகூடத்தில், லேசர் பொறியில் (குவித்த ஒளியாலேயே நுண்பொருளைப் பிடித்து வைக்கும் அமைப்பு) பிடித்த 1 மைக்ரோமீட்டர் பாலிஸ்டைரீன் மணி, அதாவது நுண்ணிய பிளாஸ்டிக் உருண்டை, எங்கே இருக்கிறது என்பதை அது சிதறடிக்கும் ஒளியை வைத்தே அளக்கிறோம். சிதறிய ஒளியும் நேரே வரும் ஒளியும் குறுக்கிட்டு, நாலு கூறுள்ள ஃபோட்டோடயோடில் (ஒளி உணரி) விழும். இடது வலது வித்தியாசத்தை மொத்தத்தால் வகுத்தால் நகர்வு நானோமீட்டர் அளவில் தெரியும்.

பின்னேரமானால் அந்த எண் மெல்ல அலையும். பவர் ஸ்பெக்ட்ரத்தில் (எந்த அதிர்வெண்ணில் எவ்வளவு ஆட்டம் என்று காட்டும் வரைபடம்) சில ஹெர்ட்ஸுக்குக் கீழே மட்டும் ஒரு மேடு. மேசை அதிர்வு, வளைவில் ஏறும் லொறி, லேசர் சூடாகும் நேரம், ஆம்பிளிஃபயர் எல்லாம் பார்த்தாயிற்று, நாட்கள்தான் வீணாயின.

அப்புறம் பொறியில் மணியே இல்லாமல் பதிவு செய்தேன். அதே மேடு! ஆனால் மொத்த ஒளி துளியும் மாறவில்லை. இதைத்தான் பலர் பார்க்காமல் விடுவார்கள்: லேசரின் பவர் கூடிக் குறைந்தால் மொத்தமும் ஆடியிருக்கும். ஆக, ஆடுவது லேசர் கற்றையின் திசை.

லேசர் பாதையருகே ஒரு நூலிழையைத் தொங்கவிட்டேன். ஜன்னல் இடுக்கில் வந்த குளிர்காற்றில் அது சாய்ந்தது. குளிர்ந்த காற்றும் அறையின் வெதுவெதுப்பும் கலக்கும் இடத்தில் ஒளிவிலகல் மாறி, கற்றை வளைகிறது.

லேசர் வாயிலிருந்து நுண்ணோக்கி வரை பிவிசி குழாய் போட்டு மூடினேன். மேடு போய்விட்டது, அப்பாடா! குழாயைத் தனிக் கால்களில் நிறுத்துங்கள். கண்ணாடித் தாங்கிகளில் பட்டால் அதிர்வு ஏறும்.