தோட்டத்துச் சொற்களைத் தொகுப்பது எப்படி?

கோலாலம்பூரின் அடுக்குமாடி வீடுகளில் இன்று வாழும் தமிழ் முதியவர்களில் பலர், ஒரு காலத்தில் சிலாங்கூரிலும் பேராக்கிலும் நெகிரி செம்பிலானிலும் பால்மரம் சீவியவர்கள், செம்பனை எனப்படும் எண்ணெய்ப்பனையின் குலை வெட்டியவர்கள், உரம் போட்டவர்கள். நகரம் விரிய விரியத் தோட்டங்கள் மறைந்தன. 1998இல் காமன்வெல்த் விளையாட்டுகள் நடைபெற்ற புக்கிட் ஜாலில்கூட முன்பு ரப்பர்த் தோட்டம்தான். அந்த வேலையோடு வளர்ந்த சொற்கள் பெரும்பாலும் இவர்களுடைய பேச்சில்தான் தங்கியிருக்கின்றன. அவற்றைக் கேட்டு எழுதிவைக்க விரும்பும் இளையோருக்காகவும் ஆசிரியர்களுக்காகவும் இந்த முறையைத் தருகிறேன்.

ஒரு பட்டியலை எடுத்துச் சென்று, "இதற்கு என்ன சொல்வீர்கள்?" என்று வரிசையாகக் கேட்பதை முதலில் தவிர்க்க வேண்டும். அப்படிக் கேட்டால் பெரியவர் நம் படிப்புக்கு ஏற்ற சொல்லைத் தேடிப் பிடித்துச் சொல்வார். 'ரப்பர் மரம்' என்ற விடை கிடைக்கும், 'கித்தா மரம்' என்பது வெளியே வராது. மாறாக, வேலை நடந்த வரிசையிலேயே கேளுங்கள். "பாட்டி, இருட்டோட எழுந்து முதல்ல எங்க போவீங்க?" என்று தொடங்கினால், பெரட்டுக்கு (காலை ஆள் கணக்கெடுப்புக்கு) நின்றதும், கிராணி (தோட்டத்து எழுத்தர்) பெயர் கூப்பிட்டதும், தண்டல் (வேலையாட்களின் மேற்பார்வையாளர்) நிரை (மர வரிசை) பிரித்துக் கொடுத்ததும் தாமாகவே வரும். அந்த ஒரு விடையிலேயே பெரட்டு, கிராணி, தண்டல், நிரை என்று நான்கு சொற்கள், அவற்றுக்கு உரிய இடத்தோடு நமக்குக் கிடைத்துவிடுகின்றன.

பால்வெட்டைப் பற்றிக் கேட்கும்போது அவசரப்படாதீர்கள், ஏனென்றால் சொல்வளம் மிகுந்த பகுதி இதுதான். முந்தைய வெட்டின் மீது காய்ந்து படிந்திருக்கும் ஒட்டுப்பாலை முதலில் உரித்துப் பையில் போட வேண்டும். பிறகு உளியை மேலே இடப்பக்கம் வைத்து, வலப்பக்கம் சரிவாக இறங்கும்படி பட்டையை மெல்லிய சீவலாக எடுக்க வேண்டும். உளி ஆழமாகப் போனால் மரத்தில் காயம் பட்டு, புதிய பட்டை மேடுபள்ளமாக வளரும். வழியும் பால் மங்கு என்னும் கிண்ணத்தில் சேர்கிறது. வெயில் ஏறுவதற்குள் பால் நன்றாக ஓடும் என்பதால்தான் விடியலுக்கு முன்பே வேலை தொடங்கியது. சேர்ந்த பாலை வாளியில் ஊற்றி, காண்டா என்னும் காவடித் தடியில் மாட்டித் தோளில் சுமந்து பால் கொட்டகைக்குக் கொண்டு சென்றார்கள். இவை ஒவ்வொன்றையும் கையால் செய்து காட்டச் சொல்லுங்கள். ஓர் அட்டைத்துண்டும் பென்சிலும் இருந்தால் போதும், பெரியவரின் மணிக்கட்டு திரும்பும் விதத்தைப் பார்த்தபடியே வினைச்சொற்களைக் குறித்துக்கொள்ளலாம். தொகுப்பவர்கள் பொருட்பெயர்களை மட்டும் திரட்டிவிட்டு, உரி, சீவு, ஊற்று, உறையவை போன்ற வினைகளை விட்டுவிடுவது வருத்தத்துக்குரியது. வேலையின் உயிர் அவற்றில்தான் இருக்கிறது.

செம்பனைக்கும் இதே முறை பொருந்தும். நாட்டின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டம் 1917இல் சிலாங்கூரில் உருவான தென்னமரம் தோட்டம். தோட்டங்களின் தமிழ்ப் பெயர்களையும் விடாமல் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். குலை, மட்டை, உதிரிப்பழம் ஆகியவை எளிதில் கிடைக்கும். பெண்களிடம் தனியாகப் பேசுவது அவசியம், ஏனெனில் களையெடுப்பும் உரம் போடுவதும் மருந்தடிப்பதும் பெரும்பாலும் அவர்கள் கையில் இருந்தன. இங்கே 'மருந்து' என்பது களைக்கொல்லியைக் குறிக்கும் என்பதையும் எழுதிவையுங்கள், இல்லையென்றால் பின்னால் படிப்பவர் தவறாகப் பொருள் கொள்வார். வீட்டுக்குப் பின்னால் கீரையும் வெண்டையும் போட்டதைக் கேட்டால், பாத்தி, வரப்பு, நாற்று, எரு என்று தமிழகத்து வயல்களிலிருந்து வந்த சொற்கள் தனியொரு கூட்டமாக எழுந்து வரும்.

ஒவ்வொரு சொல்லுக்கும் ஓர் அட்டை எழுதுங்கள். அதில் ஒலித்தபடியே சொல், அதைப் பெரியவர் பயன்படுத்திய முழு வாக்கியம், தோட்டத்தின் பெயர், மாநிலம், ஏறத்தாழ எந்த ஆண்டுகளில் அங்கே வேலை செய்தார் என்ற விவரம் ஆகியவை இருக்க வேண்டும். பெயரைக் குறிப்பிடவும் குரலைப் பதிவு செய்யவும் முன்கூட்டியே அனுமதி பெறுங்கள். ஒலிப்பை இலக்கண வடிவுக்குத் திருத்த வேண்டாம். கெடாவில் ஒன்றும் ஜொகூரில் வேறொன்றும் சொன்னால் இரண்டையும் வைத்துக்கொள்ளுங்கள்.

சொற்பிறப்பை எழுதும்போது மிகுந்த நிதானம் வேண்டும். 'கித்தா' மலாயில் மரப்பாலைக் குறிக்கும் 'கெத்தா'விலிருந்து வந்தது என்று சொல்லலாம். 'மங்கு' மலாய் மொழியின் 'மங்கோக்'கை ஒத்திருக்கிறது. ஆனால் செட்டிநாட்டிலும் மங்குச் சாமான் என்ற வழக்கு உண்டு. இத்தகைய இடங்களில் 1924 முதல் 1936 வரை வெளிவந்த சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதியையும் மலாய் அகராதியையும் பார்த்து, ஒப்புமையை மட்டும் எழுதி, முடிவை ஒத்திவைப்பதே நேர்மை.

தொகுத்து முடித்ததும் அட்டைகளை அதே பெரியவரிடம் உரக்கப் படித்துக் காட்டுங்கள். அவர் தயங்கும் சொல்லின் ஓரத்தில் ஒரு கேள்விக்குறி இட்டு, வேறு தோட்டத்தில் வேலை பார்த்த ஒருவரிடம் அதை மீண்டும் கேளுங்கள். ஒரு படியை அவருடைய குடும்பத்துக்கும், இன்னொன்றை அருகிலுள்ள தமிழ்ப்பள்ளி நூலகத்துக்கும் கொடுத்துவிடுங்கள்.