வணிகவாதம் எழுதும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்: மூன்று பென்னியில் நான் சறுக்கிய கதை

போன வாரம் ஒரு கட்டு மாதிரித் தேர்வுத் தாள் திருத்தினேன். பிரிட்டனின் வணிகவாதக் கொள்கை, அதாவது நாட்டின் செல்வம் பெருக அரசே வணிகத்தைக் கட்டுப்படுத்துவது, அமெரிக்கக் குடியேற்றங்களை என்ன செய்தது என்பது கேள்வி. நாலாவது தாளிலேயே பேனா நின்றுவிட்டது. ‘தேயிலை வரியைப் பிரிட்டன் பன்மடங்கு உயர்த்தியதால் மக்கள் கொதித்தெழுந்தனர்’ என்று எழுதியிருந்தது. அந்தப் ‘பன்மடங்கு’ என்னுடைய சரக்கு. பல வருஷம் முன்னால் நான் கைப்பட எழுதி, நாற்பது பிரதி ஜெராக்ஸ் எடுத்துக் கொடுத்த குறிப்பில் இருந்த சொல். யார் யார் கை மாறியதோ, கடைசியில் என் மேசைக்கே வந்து சேர்ந்திருக்கிறது.

ஆண்டு மாறிப்போவது, பெயரில் எழுத்துப் பிசகுவது போன்றவற்றை இங்கே விட்டுவிடுகிறேன். அதெல்லாம் ஒரு முறை அடித்துக் காட்டினால் சரியாகிவிடும். நான் விழுந்து எழுந்த குழிகள் மட்டும் கீழே; ஒவ்வொரு தலைப்பும் ஒரு தவறு.

தங்கம் சேர்ப்பதே வணிகவாதம் என்று நிறுத்திக்கொள்வது

கிழக்கிந்தியக் கம்பெனியின் இயக்குநர்களில் ஒருவரான தாமஸ் மன், இந்தக் கொள்கையின் பெரிய வக்கீல். அவரே இந்தியாவுக்குக் கப்பல் கப்பலாக வெள்ளி போவதை நியாயப்படுத்தியவர். விதைக்கிற நாளில் மட்டும் உழவனைப் பார்த்தால், நல்ல தானியத்தை மண்ணில் வீசும் பைத்தியக்காரனாகத்தான் தெரிவான் என்று வாதாடினார். பெட்டியில் எவ்வளவு தங்கம் என்பதைவிட, சரக்கு யார் கப்பலில் ஏறுகிறது, எந்தத் துறைமுகத்தில் இறங்குகிறது என்பதுதான் விஷயம்.

1660ஆம் ஆண்டுக் கப்பல் போக்குவரத்துச் சட்டம் அதைத்தான் சொன்னது. புகையிலை, சர்க்கரை, பருத்தி, அவுரி போன்ற பட்டியலிட்ட சரக்குகள் இங்கிலாந்துக்கோ அதன் மற்ற குடியேற்றங்களுக்கோ மட்டுமே போகலாம். 1663இல் எதிர்த்திசைக்கும் பூட்டு விழுந்தது: ஐரோப்பியச் சாமான் குடியேற்றங்களுக்குப் போவதென்றால் இங்கிலாந்தைத் தொட்டுவிட்டுத்தான் போக வேண்டும். ஆனால் ‘எல்லாமே லண்டன் வழியாக’ என்று எழுதிவிடாதீர்கள். மீன் பட்டியலில் இல்லை. அமெரிக்காவின் வடகிழக்குக் குடியேற்றங்களான நியூ இங்கிலாந்தின் உப்பிட்ட காட் மீன் நேராக ஸ்பெயினுக்கே போனது.

வரி ஏறியது, அதனால் கோபம் ஏறியது

இங்கேதான் எனக்கு இன்றும் எரிச்சல் வருகிறது, பாதி என் மேலேயே. மேலே சொன்ன குறிப்பைக் கொடுத்த அடுத்த வாரம், கடைசி பெஞ்சிலிருந்து ஒரு பெண் எழுந்து கேட்டாள்: “சார், 1773 தேயிலைச் சட்டத்தால டீ விலை குறைஞ்சிருக்குன்னு படிச்சேன். குறைஞ்சா எதுக்கு சார் பாஸ்டன் துறைமுகத்துல அதைக் கடல்ல கொட்டினாங்க?” என்னிடம் பதில் இல்லை. அடுத்த வகுப்பில் சொல்கிறேன் என்று நழுவினேன்.

பதில் தேயிலையில் இல்லை, மொலாசஸில் இருந்தது. நம் சர்க்கரை ஆலைப் பக்கம் போனால் மூக்கில் ஏறுமே, அதே கரும்புப்பாகுக் கழிவுதான். நியூ இங்கிலாந்தில் அதைக் காய்ச்சி ரம் எடுத்தார்கள். கரீபியக் கடலின் பிரெஞ்சுத் தீவுகளில் அது மலிவாகக் கிடைத்தது. காரணம் வேடிக்கையானது: தன் நாட்டுப் பிராந்தி வியாபாரம் கெட்டுவிடும் என்று பிரான்ஸ் ரம்முக்குத் தடை போட்டிருந்தது. ஒரு பேரரசின் வணிகவாதம் தள்ளிய சரக்கை இன்னொரு பேரரசின் குடியேற்றம் அள்ளிக்கொண்டது. பார்படோஸ், ஜமைக்கா பக்கத்துப் பிரிட்டிஷ் தோட்ட முதலாளிகள் சும்மா இருப்பார்களா? நாடாளுமன்றத்தில் காரியம் பார்த்தார்கள். 1733இல் அந்நிய மொலாசஸுக்குக் காலன் ஒன்றுக்கு 6 பென்ஸ் வரி வந்தது. அப்படியே கட்டினால் தொழிலை மூட வேண்டியதுதான். கட்டியவர்கள் மிகக் குறைவு. சுங்க அதிகாரிக்குக் கொடுக்க வேண்டியதைக் கொடுத்தால் கப்பல் உள்ளே வந்துவிடும். இப்படியே முப்பது வருஷம் ஓடியது.

ஏழாண்டுப் போர் 1763இல் முடிந்தபோது பிரிட்டன் கடனில் மூழ்கியிருந்தது. 1764இல் புதுச் சட்டம். வரி 6 பென்ஸிலிருந்து 3 பென்ஸாகக் குறைந்தது. பாதி! ஆனால் இந்த முறை வசூலிக்கப்போகிறோம் என்றார்கள். கடத்தல் கப்பலைப் பிடிக்கும் கடற்படை அதிகாரிக்குப் பங்கு உண்டு. வழக்கை ஜூரி இல்லாத கடற்படை நீதிமன்றத்துக்குக் கொண்டுபோகலாம். குற்றமில்லை என்று காட்ட வேண்டியது சரக்குக்காரன் பொறுப்பு. பாதியான வரிக்கு ஏன் கொந்தளிப்பு என்று இப்போது புரிகிறதா? அவர்கள் அதுவரை கொடுத்துவந்தது ஆறும் இல்லை, மூன்றும் இல்லை.

இதை வைத்துக்கொண்டு 1773க்கு வாருங்கள். தேயிலைக்கு ஒரு பவுண்டு எடைக்கு 3 பென்ஸ் வரி 1767லேயே வந்துவிட்டது. 1773ஆம் ஆண்டுச் சட்டம் அதில் ஒரு பைசா ஏற்றவில்லை. விற்காத தேயிலை கிடங்கில் மலையாய்க் குவிந்து தவித்த கிழக்கிந்தியக் கம்பெனிக்கு, இங்கிலாந்தில் கட்டிய சுங்கத்தைத் திருப்பிக் கொடுத்தது. கம்பெனி தானே ஏஜென்ட் வைத்து அமெரிக்காவில் விற்கலாம் என்றது. விலை இறங்கியது. டச்சுத் தேயிலையைக் கடத்திப் பிழைத்தவர்களுக்கும், ஏஜென்சி கிடைக்காத நேர்மையான வியாபாரிகளுக்கும் ஒரே அடி. பாஸ்டனில் ஏஜென்சி யாருக்குப் போனது தெரியுமா? ஆளுநர் ஹட்சின்சனின் இரண்டு பிள்ளைகளும் அதில் உண்டு. மலிவு விலையில் வாங்கிக் குடித்தால், தங்கள் சம்மதம் இல்லாமல் போட்ட அந்த 3 பென்ஸையும் ஒப்புக்கொண்டதாக ஆகிவிடும் என்ற பயம் வேறு.

டார்ட்மத் என்ற கப்பல் நவம்பர் 28 அன்று வந்தது. இருபது நாளுக்குள் சுங்கம் கட்ட வேண்டும், இல்லாவிட்டால் சுங்கத்துறை சரக்கைப் பறிமுதல் செய்யும். கெடு முடிய ஓர் இரவு இருக்கும்போது, டிசம்பர் 16 அன்று, மூன்று கப்பல்களிலிருந்து 342 பெட்டிகள் தண்ணீருக்குப் போயின.

‘வரி உயர்வு’ என்று ஒரு சொல் எழுதினால் இத்தனையும் காணாமல் போய்விடும். நாற்பது பிரதியையும் திரும்ப வாங்கப் பார்த்தேன். பதினொன்று வந்தது.

பாஸ்டனில் கொட்டியது அசாம் தேயிலை

இல்லை, சீனத் தேயிலை.

இங்கிலாந்து என்றாலும் பிரிட்டன் என்றாலும் ஒன்றே

1707இல் இங்கிலாந்தும் ஸ்காட்லாந்தும் ஒன்றாகும் முன், ஸ்காட்லாந்து வியாபாரி இந்தச் சட்டங்களின் கண்ணில் அந்நியன். ஒன்றிப்புக்குப் பிறகுதான் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரம் புகையிலையில் கொழுத்தது.

குடியேற்றங்களுக்கு நஷ்டம் மட்டுமே

தொப்பி செய்பவர் தன் தொப்பியைப் பக்கத்துக் குடியேற்றத்துக்கு விற்கக் கூடாது என்று 1732இல் சட்டம் போட்டார்கள். இதைக் கேட்டதும் நமக்கு இரத்தம் கொதிக்கும், எழுதிவிடுவோம். ஆனால் அமெரிக்காவில் கட்டிய கப்பலும் அதே சட்டங்களில் ‘நம் கப்பல்’தான், அதனால் நியூ இங்கிலாந்தின் தச்சுத்துறைகள் செழித்தன. கரோலினாவின் அவுரிக்கு 1748 முதல் பிரிட்டன் ஊக்கத்தொகை கொடுத்தது. வர்ஜீனியாக்காரர் கதை வேறு. ஜார்ஜ் வாஷிங்டன் புகையிலையை லண்டன் ஏஜென்ட்டுக்கு அனுப்புவார், ஏஜென்ட் அதை விற்று, அவர் கேட்ட துணிமணி சாமான்களை வாங்கி அனுப்புவார், கணக்குப் பார்த்தால் வாஷிங்டன்தான் பாக்கி. 1760களின் நடுவில் அலுத்துப்போய்க் கோதுமைக்கு மாறினார். ஆகவே எந்தக் குடியேற்றம், என்ன சரக்கு என்று சொல்லிவிட்டுப் பிறகு லாப நஷ்டம் பேசுங்கள். அந்த அவுரியையும் புகையிலையையும் பயிரிட்ட ஆப்பிரிக்க அடிமைகள் எந்தக் கணக்கிலும் லாபப் பக்கம் இல்லை என்பதையும் சேர்த்து எழுதுங்கள். நிறையத் தாள்களில் அவர்கள் ஒரு வரியில்கூட வருவதில்லை.

நமக்கும் இதற்கும் தொடர்பில்லை

உண்டு, துணி வழியாக. இங்கிலாந்தின் நெசவாளர்கள் போட்ட கூச்சலில், 1701 முதல் இந்தியச் சாயத்துணிகளை அங்கே உடுத்தத் தடை வந்தது. மறு ஏற்றுமதிக்குத் தடை இல்லை. லண்டனில் கட்ட முடியாத சோழமண்டலக் கரைத் துணியைப் பாஸ்டனில் தாராளமாகக் கட்டலாம். சென்னைக் கோட்டையில் ஆளுநராக இருந்து காசு பார்த்த எலிஹு யேல், 1718இல் கனெக்டிகட்டில் ஒரு சின்னக் கல்லூரிக்கு ஒன்பது பொதி சரக்கு அனுப்பினார். காலிகோ, மஸ்லின் என்ற பருத்தித் துணிகளும் அதில் இருந்தன. பாஸ்டனில் விற்றதில் 562 பவுண்டு கிடைத்தது. அந்தக் காசில் கட்டடம் எழும்பியது, கல்லூரிக்கு அவர் பெயரையே வைத்துவிட்டார்கள்.